அஞ்சு மாசத்துக்காகக் கட்டின கட்டடங்களை ஏன் இன்னும் பேசுறோம்? லண்டன், 1951

கீழக்கரை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கீழக்கரை, கட்டடக்கலை மூணாவது வருஷம் படிக்கிறேன். வரலாற்றுப் பாடத்துல எனக்கு வந்திருக்கிற தலைப்பு 1951-ல் லண்டன்ல நடந்த 'பிரிட்டன் திருவிழா'. உலகப்போர் முடிஞ்ச ஆறாவது வருஷம், தேம்ஸ் ஆத்தோட தென்கரையில 27 ஏக்கரைச் சுத்தம் பண்ணி தேசியப் பொருட்காட்சி வச்சாங்க. மே 3-ல் திறந்து செப்டம்பர் 30-ல் மூடியாச்சு.

நான் படிச்ச எல்லாத்துலயும் இதை நம்பிக்கையோட கட்டடக்கலைன்னு எழுதியிருக்காங்க. எனக்கு அது மனசுல ஒட்டவே மாட்டேங்குது. படத்துல பாத்தா கம்பிக் கால் வச்ச நாற்காலி, மஞ்சளும் சிவப்பும் நீலமுமா பேனல், தாழ்வா ஒரு பெரிய டோம், அந்தரத்துல நிக்கிற ஸ்கைலான்ங்கிற ஊசி மாதிரி ஒரு கோபுரம். அடுத்த வருஷமே டோமையும் ஸ்கைலானையும் பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. எங்க தெருவுல பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சு எங்க வாப்பா பொறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி கட்டின வீடெல்லாம் இன்னும் நிக்குது. அதைப் பத்தி பாடத்துல ஒரு பாரா கூட கிடையாது. அஞ்சு மாசம் நின்னதுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு.

ரிவ்யூல, அதாவது எங்க வேலையைப் பாத்து ஆசிரியர்கள் கேள்வி கேக்குற அன்னைக்கு, என்ன கேப்பாங்கன்னு தெரியும். இது நிஜமான நம்பிக்கையா, இல்ல கஷ்டத்துல இருந்த சனத்துக்கு அரசாங்கம் காட்டின வாணவேடிக்கையா? எனக்கே ரெண்டாவதுதான் சரின்னு தோணுது. அப்படி இல்லைன்னா ஏன்னு யாராவது சொல்லுங்க. இன்னொண்ணு, ஸ்கைலான் எப்படித்தான் நின்னுச்சு? எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கேபிள் தாங்குச்சுன்னு ஒரு வரியோட நிறுத்திடறாங்க. நம்ம நாட்டோட ஏதாவது தொடர்பு இருந்தா அதையும் சொல்லுங்க, சேத்துக்குவேன்.

மதுரை கட்டடக்கலைஞர்:

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக. ஹியூ காசன்தான் கட்டடக்கலை இயக்குநர். டோம் ஆஃப் டிஸ்கவரி ரால்ஃப் டப்ஸ் வடிவமைத்தது. விட்டம் 365 அடி, உயரம் 93 அடி, அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய டோம். ஸ்கைலான் ஃபிலிப் பவல், ஹிடால்கோ மோயா இருவருடையது. இருவருக்கும் அப்போது முப்பது வயதுதான் இருக்கும். பொறியாளர் ஃபெலிக்ஸ் சாமுவேலி.

தங்கச்சி, கட்டடங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் லே-அவுட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். பழைய பாணிப் பொருட்காட்சி என்றால் நடுவில் அகலமான நேர்சாலை, இருபுறமும் மாளிகை வரிசை, கடைசியில் ஒரு பெரிய முகப்பு. பார்க்க வந்தவன் ஊர்வலத்தில் போகிற குடிமகன். காசன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். சின்னச் சின்ன முற்றங்கள், மட்டம் மாறும் தளங்கள், ஒரு திருப்பத்தில் திடீரென்று ஆறு தெரிகிறது, அடுத்த திருப்பத்தில் மறைகிறது. சாயங்காலம் திறந்தவெளியில் சனங்கள் கோட்டு போட்டுக்கொண்டே நடனம் ஆடினார்கள். முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தள வரைபடத்திலேயே இருக்கிறது என்பேன்.

இந்தியத் தொடர்பு உண்டு. ஆற்றோரத்தில் ரிவர்சைட் உணவகத்தை வடிவமைத்தவர் ஜேன் ட்ரூ. அவரும் கணவர் மாக்ஸ்வெல் ஃப்ரையும் அதே 1951-ல் சண்டிகர் நகரத்தைப் புதிதாகக் கட்டும் வேலைக்கு வந்தார்கள். அங்கே கார்பூசியே என்ற கட்டடக்கலைஞரின் பெரிய கட்டடங்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சாதாரண அரசு ஊழியர்களுக்கான வீடுகள், பள்ளிகள் என்று பெரும்பங்கு இவர்கள் இருவரும் பியேர் ழான்னரேயும் இந்திய இளைஞர்களும் சேர்ந்து செய்தது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் அண்ணா நகர் டவர் பூங்கா. 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சிக்குக் கட்டியது, இன்றும் இருக்கிறது. தில்லி பிரகதி மைதானத்தில் 1972 ஆசியப் பொருட்காட்சிக்கு ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிபட்டது. அது ஸ்பேஸ் ஃபிரேம், அதாவது முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய முப்பரிமாணச் சட்டகம். ஸ்பேஸ் ஃபிரேம் என்றால் உலகம் முழுக்க எஃகுக் குழாய். நமக்கு அந்த எஃகு கட்டுப்படியாகாததால் கான்கிரீட்டில் இடத்திலேயே வார்த்தார்கள், கைவேலையாக. அதைப் படித்துவிட்டு 1951-க்குத் திரும்பிப் போங்கள்.

பாம்பன் ரிக்கர்:

மகளே, ஸ்கைலான் பத்தி நான் சொல்றேன். அது என் தொழில். பாம்பன்காரன் நான். அரபு வளைகுடாவுல ரிக்கர் வேலை பாத்து ஓய்ஞ்சவன். ஃப்ளேர் ஸ்டாக், சிம்னி, லைட் கம்பம் எல்லாத்தையும் கிரேன்ல தூக்கி நிறுத்தி, சாயாம இருக்கச் சுத்தியும் கம்பிவடம் (கை வயர்னு சொல்லுவோம்) இழுத்துக் கட்டுறதுதான் என் வேலை. இப்ப மகள் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கு. பேரப்பிள்ளைகளைப் பாக்கப் போறப்ப எல்லாம் அந்தத் தென்கரைக்குப் போய் உக்காந்துட்டு வருவேன்.

ஸ்கைலான் நடுவுல பருத்து ரெண்டு முனையும் கூரா இருக்கும். உள்ள எஃகுச் சட்டம், வெளிய அலுமினியப் பட்டை. ராத்திரி உள்ள விளக்கைப் போட்டா பட்டை இடுக்கு வழியா வெளிச்சம் வரும். மேல் முனை தரையில இருந்து 300 அடி கிட்ட. கீழ் முனை தரையைத் தொடாது, 50 அடி உசரத்துல நிக்கும். சுத்தி மூணு எஃகுத் தூண், அதுகளுக்கு நடுவுல இழுத்துக் கட்டின கேபிள்லதான் மொத்த உடம்பும் உக்காந்திருக்கு. எட்ட நின்னு பாத்தா கேபிள் கண்ணுக்குப் படாது, உடம்பு மட்டும் மிதக்கும்.

அப்ப காத்து அடிச்சா? அங்கதான் சாமுவேலி கெட்டிக்காரர்.

எங்க அப்பா வத்தையில, அதாவது பாய் கட்டின படகுல, பாய்மரத்துக்குக் கயிறு கட்டுறதைப் பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு விளங்கும். கயிறு தொய்வா இருந்தா, காத்து வர்ற பக்கத்துக் கயிறு மட்டும் இழுக்கும், மறுபக்கத்துக் கயிறு சும்மா தொங்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் மரம் வெட்டி வெட்டி ஆடும், ஒரு நாள் அடியில முறியும். எல்லாப் பக்கமும் முன்கூட்டியே விறைப்பா இழுத்துக் கட்டிட்டா, காத்து வந்ததும் ஒரு பக்கம் விறைப்பு கூடும், மறுபக்கம் கொஞ்சம் குறையும், ஆனா எந்தக் கயிறும் தொய்யாது. எல்லாக் கயிறும் எந்நேரமும் வேலையில இருக்கும். அதனால கயிறோட எண்ணிக்கையும் குறைச்சுக்கலாம்.

சரி, அவ்வளவு பெரிய உருப்படிக்கு எப்படி விறைப்பு ஏத்துறது? என்னைக் கேட்டா டர்ன்பக்கிளை (திருகி விறைப்பு ஏத்துற கொக்கி) போட்டு ஒவ்வொரு கேபிளாத் திருகுன்னு சொல்லியிருப்பேன். ஒண்ணைத் திருகினா இன்னொண்ணு தொய்யும், மறுபடி அதுக்கு ஓடணும், உடம்பு ஒரு பக்கம் சாயும், நாள் பூரா அதே வேலை. சாமுவேலி கேபிளை விட்டுட்டு தூணைப் பிடிச்சாரு. மூணு தூணுக்கும் அடியில ஹைட்ராலிக் ஜாக்கி வச்சு தூணையே மேல தூக்கினாக. தூண் உசர உசர எல்லாக் கேபிளும் ஒண்ணா விறைச்சுக்கிட்டு வந்துச்சு. இதை முதல்ல படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. எத்தனை கம்பத்துக்கு எத்தனை ஆள் எத்தனை ஸ்பேனரோட வெயில்ல நின்னிருக்கோம்! தூக்கின விதமும் அப்படித்தான். முழுசாச் செஞ்சு ஒரே தூக்கா தூக்கல. கொஞ்ச உடம்பைக் கட்டி நேரா நிறுத்திட்டு, நின்ன இடத்துலயே மேல மேல வளத்தாக. திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாணவன் ராத்திரியோட ராத்திரியா ஏறி மேல ஒரு துணியைக் கட்டிட்டு இறங்கிட்டானாம். அந்தக் காலத்துல இருந்திருந்தா நானும் ஏறியிருப்பேன்.

இப்ப உன் முதல் கேள்விக்கு வாரேன். ஏன் எல்லாம் அவ்வளவு மெல்லிசு? அழகுக்குன்னு சொல்லுவாக. அது பாதிதான். இரும்பு இல்ல மகளே. 1950-ல் கொரியாவுல சண்டை வந்துருச்சு, எஃகு ஆயுதத்துக்குப் போச்சு. சீனிக்கு 1953 வரைக்கும் ரேஷன், இறைச்சிக்கு 1954 வரைக்கும் ரேஷன். வீடு கட்ட மரமும் செங்கலும் லைசென்ஸ் வாங்கித்தான் எடுக்கணும். அலுமினியம் மட்டும் இருந்துச்சு, போர்ல விமானம் செய்யன்னு பெருக்கி வச்சிருந்த உலோகம். அதை எடுத்து டோம் கட்டினாக. ஆத்தைக் கடந்து சனம் வர்றதுக்கு ராணுவம் ஒரு பெய்லி பாலத்தை, துண்டு துண்டாக் கொண்டு வந்து சட்டுன்னு பூட்டுற இரும்புப் பாலத்தை, போட்டுக் குடுத்துச்சு. அதுவும் போர்ச் சாமான்தான்.

கல்லும் இரும்பும் குமிஞ்சு கிடக்கிற நாடு கனமாக் கட்டிட்டு நான் பெரிய ஆளுன்னு சொல்லும். கையில ஒண்ணும் இல்லாத நேரத்துல, இருக்கிற கொஞ்சத்தை எப்படி நிறுத்தினா அதிக தூரம் போகும்னு கணக்குப் போட்டு நிறுத்துறது வேற. நம்பிக்கைன்னு நான் அந்தக் கணக்கைத்தான் சொல்வேன். வண்ணம் பூசுறதை இல்ல. நீ படத்துல பாத்த அந்தக் கம்பிக் கால் நாற்காலிக்கும் இதே கதைதான், மெல்லிய எஃகுக் கம்பியை வளைச்சு எர்னஸ்ட் ரேஸ் செஞ்சது.

அப்புறம், எல்லாம் போயிருச்சுன்னு எழுதாத. ராயல் ஃபெஸ்டிவல் ஹால் நிக்குது. நிரந்தரமா இருக்கட்டும்னு லண்டன் கவுன்டி கவுன்சில் கட்டினது, லெஸ்லி மார்ட்டின், ராபர்ட் மாத்யூ, பீட்டர் மோரோ செஞ்சது. 1949-ல் பிரதமர் அட்லி அடிக்கல் வச்சு, 1951 மே மாசம் கச்சேரி நடந்துருச்சு. பக்கத்துலயே ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலம், சேரிங் கிராஸுக்கு ஓயாம வண்டி போகும். அந்தச் சத்தம் கச்சேரிக்குள்ள வரக் கூடாதுன்னு அரங்கத்தைத் தரையில வைக்காம மேல தூக்கி வச்சுட்டாக. கீழயும் சுத்தியும் நடமாட்டத்துக்கு இடம் விட்டாக. நீ உள்ள போய் நிமிந்து பாத்தா தலைக்கு மேல அந்த அரங்கத்தோட அடிவயிறு சரிஞ்சு போறது தெரியும். வெளிய ரயில் தடதடன்னு போகுது, அரங்கத்துக்குள்ள ஒரு முணுமுணுப்பு இல்ல.

அந்தக் கீழ் இடத்துக்கு டிக்கெட் கிடையாது. 1983-ல் இருந்து பகல் பூரா திறந்து விட்டிருக்காக. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக, தள்ளுவண்டியில குழந்தையோட தாய்மாரு, குளிருக்கு ஒதுங்கின வயசாளி, என்னைப் போல ஊர்ல இருந்து வந்தவன், யாரும் எவ்வளவு நேரமும் உக்காரலாம். எழுந்திருன்னு யாரும் சொல்ல மாட்டாக. உள்சுவர்ல டெர்பிஷயர் சுண்ணாம்புக்கல் பதிச்சிருக்கு. கையை வச்சுத் தடவினா கல்லுக்குள்ள கடல் உயிர்களோட ஓடு நெளிஞ்சு கிடக்கு. உங்க கீழக்கரை வீட்டுல பூச்சு உதிந்த இடத்துல பவளத்தோட பூ தெரியும்ல, எனக்கு அங்க அதுதான் ஞாபகம் வந்துச்சு. நல்ல கல்லு, நல்ல படிக்கட்டு, ஆத்தைப் பாத்த கண்ணாடி, எல்லாம் பொதுச்சனத்துக்கு. வாணவேடிக்கைன்னு நீ எப்படிச் சொல்லுவ?

தொண்டி ஆசிரியர்:

ரிக்கர் ஐயா எழுதிய ஸ்கைலான் விளக்கத்தை என் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன். ஆனால் மாணவியின் சந்தேகத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரிட்டனிடம் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். போர் முடிந்தபோது இந்தியாவுக்கு அது தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் நிலுவை நூறு கோடி பவுண்டுக்கும் மேல். போர்க்காலத்தில் நம்மிடம் சரக்கும் சேவையும் வாங்கிக்கொண்டு லண்டனில் கணக்கெழுதி வைத்த பணம். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். ரேஷனில் வாழ்ந்த லண்டன்காரனின் துயரம் உண்மைதான், ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு பக்கம் மட்டுமே.

1851 மாபெரும் பொருட்காட்சியின் நூற்றாண்டாகத்தான் 1951-ஐக் கொண்டாடினார்கள். 1851-ல் கண்ணாடி மாளிகையில் கோஹினூர் வைரத்தையும் இந்திய நெசவையும் தந்த வேலையையும் வைத்துப் பெருமை பேசினார்கள். நூறு ஆண்டு கழித்து அதன் நினைவாக நடந்த விழாவில் பேரரசைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. நிலமும் மக்களும் அறிவியலும்தான் பிரிட்டன் என்று கதை சொன்னார்கள். அந்தப் புத்தம்புதுத் தோற்றம் எதையோ மறைக்கவும் உதவியது என்பது என் எண்ணம். ஸ்கைலானைப் பற்றி அன்றே லண்டனில் ஒரு பேச்சு உண்டு: நம் பொருளாதாரத்தைப் போலவே கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம் எதுவும் இல்லாமல் நிற்கிறது என்று.

நம் கரைக்கு வாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயிலும் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றும் மணலில் நிற்கின்றன, சுற்றுலாவாசிகள் செல்ஃபி எடுக்கிறார்கள். குண்டு விழுந்த லண்டனுக்கு டோமும் ஸ்கைலானும். நமக்கு இடிபாடு. இதில் எந்த நம்பிக்கையை நம் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்வது?

பாம்பன் ரிக்கர்:

ஆசிரியரே, நீங்க சொன்ன கணக்கு அத்தனையும் நியாயம். மகளே, அந்தப் பாராவை உன் கட்டுரையில கட்டாயம் சேர்த்துக்க, விட்டுறாத. பேரரசைப் பத்தி அவ்வளவாப் பேசாம விட்டாகங்கிறதுக்கு நானும் சமாதானம் சொல்லப் போறதில்ல.

ஆனா தனுஷ்கோடியை நான் வேற மாதிரிப் பாக்குறேன். அந்தப் புயல்ல பாம்பன் ரயில் பாலமும்தான் போச்சு. 126 கர்டரை, பாலத்தோட இரும்புத் தூலத்தை, அலை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. சரி பண்ண ஆறு மாசம்னு ரயில்வே சொன்னுச்சு. ஸ்ரீதரன்ங்கிற இளம் பொறியாளர் 46 நாள்ல வண்டியை ஓட விட்டாரு, கடல்ல விழுந்த கர்டரை மீட்டு மறுபடி ஏத்தி. எங்க வீட்டுல அதை ஒரு திருவிழா மாதிரிதான் பேசுவாக. அப்ப நமக்கும் வேலை தெரியும், துணிச்சலும் உண்டு. பாலத்துக்கு 46 நாள் கிடைச்சுச்சு, அந்த ஊருக்கு ஒரு நாளும் கிடைக்கல. ரெண்டு பக்கமும் கடல் அரிக்கிற மணல்திட்டுல திரும்ப ஊர் வைக்க முடியாதுங்கிறது புரியுது. குடியிருந்த சனத்துக்கு வேற இடத்துல நல்லதா ஒரு ஊர் கட்டிக் குடுத்திருக்கலாம்ல? அதுக்கு முடிவு எடுக்கிற ஆள் வேணும். என் ஆதங்கம் எல்லாம் அதுலதான்.

அதனாலதான் லான்ஸ்பரி எஸ்டேட்டைப் பத்திப் பேசணும். அது திருவிழாவோட இன்னொரு பாகம், படத்துல ரொம்ப வராது. கிழக்கு லண்டன்ல பாப்ளர், துறைமுகத் தொழிலாளிக ஏரியா, குண்டுல பெருசா அடிபட்ட இடம். அங்கேயே வீடு, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், சர்ச், சந்தை எல்லாம் கட்டி, இதுதான் எங்க கட்டடக்கலைக் காட்சி, வந்து பாருங்கன்னு சொன்னாக. தென்கரைக்கு 85 லட்சம் பேர் வந்தாக. இங்க ஒரு லட்சம் கூடத் தேறல. பாக்கவும் அப்படி ஒண்ணும் இல்ல. லண்டன் மஞ்சச் செங்கல், ஸ்லேட்டு ஓடு, ரெண்டு மூணு மாடி.

ஈஸ்ட் ஹாம்ல இருந்து எனக்கு அது பக்கம். ஆல் செயின்ட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா கிறிஸ்ப் ஸ்ட்ரீட் சந்தை. ஃபிரெடரிக் கிப்பர்ட் வடிவமைச்சது, வண்டி நுழையாத சந்தை, நடந்து போறவங்களுக்கு மட்டும். பிரிட்டன்ல அப்படித் திட்டம் போட்டுக் கட்டினதுல அதுதான் முதல்னு சொல்லுவாக. ஓரத்துல மணிக்கூண்டு. அதுல ஏறுற படியும் இறங்குற படியும் ஒண்ணை ஒண்ணு தொடாம பின்னிக்கிட்டுப் போகும். ஏறிப் பாக்கிறதுக்குன்னே கட்டினது. யாருக்கு? ராஜாவுக்கா? மீன் வாங்க வந்த தாய்மாருக்கு. இன்னைக்கு அங்க வங்காளத்து அம்மாக்க வெண்டைக்காயும் மீனும் வாங்குறாக. நீங்க சொன்ன அதே வங்காளம், ஆசிரியரே. அதை நினைச்சுக்கிட்டே நானும் அங்க நின்னிருக்கேன்.

ஸ்கைலானால என்ன பிரயோசனம்னும் கேப்பாக. ஒண்ணுமே இல்ல, அதுல ஏறக்கூட முடியாது. ஆனா எங்க பாம்பன் ரயில் பாலத்துல கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி மேல எழும்புறப்ப சாலைப் பாலத்துல பஸ்ஸும் காரும் நின்னு சனம் இறங்கிப் பாக்குதே, அதுல என்ன பிரயோசனம்? பெரிய இரும்பு ஒண்ணு நிதானமா, சரியா வேலை செய்யறதைப் பாக்குறது மனுசனுக்குச் சந்தோஷம். என் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியிருக்கேன், எங்க அப்பா என்னைத் தூக்கிக் காட்டியிருக்காக. ஆறு வருஷம் குண்டுக்குப் பயந்து வானத்தைப் பாத்த சனத்தை, வேடிக்கைக்காக அண்ணாந்து பாக்க வச்சது அது. அவ்வளவும் போதும்னு எனக்குப் படுது.

இடிச்சதைச் சொல்லணும்னா கோபம் வருது. 1951 அக்டோபர்ல சர்ச்சில் கட்சி ஆட்சிக்கு வந்துச்சு. இது முந்தின லேபர் அரசாங்கத்தோட அடையாளம்னு அவுகளுக்கு எரிச்சல். 1952-ல் வெட்டிப் பழைய உலோகமா வித்தாச்சு. டோம் அலுமினியத்துல காகிதம் வெட்டுற கத்தி செஞ்சு ஞாபகார்த்தமா வச்சுக்கிட்டாக. அந்த இடம் ரொம்ப வருஷம் கார் பார்க்கிங்கா கிடந்து, 1977-லதான் ஜூபிலி கார்டன்ஸ்ங்கிற பூங்கா ஆச்சு. புதுசா எதையும் கட்டுறதுக்காக இடிக்கல. இதை அஞ்சு மாசத்துக் கட்டடம்னு சொல்லி கட்டினவுக மேல பழியைப் போடாத மகளே. ஹாலைப் பாரு, விட்டு வச்சா என்ன ஆகும்னு தெரியும். 1988-ல் அதுக்கு முதல் தர பாதுகாப்பு குடுத்தாக, போருக்குப் பிறகு கட்டின கட்டடத்துல அதுக்குத்தான் முதல்ல.

மதுரை கட்டடக்கலைஞர்:

ஆசிரியர் கேட்டதற்கு ஒரு சேர்க்கை. லான்ஸ்பரியில் கட்டியவர்கள் குடிவந்தவர்களிடம் கேட்டுக் கட்டவில்லை, மேலிருந்து திட்டமிட்டுத்தான் கட்டினார்கள். பின்னாளில் பிரிட்டனில் வந்த பல கான்கிரீட் அடுக்குமாடிகள் அதே மேலிருந்து பார்க்கும் பழக்கத்தால் கெட்டன. நம்பிக்கைக்கு அந்தக் குருட்டுப் பக்கமும் உண்டு. ஆனாலும் ஐயா சொன்ன வரிசையில் நான் முழுக்க உடன்படுகிறேன்: முதலில் ஹால், அடுத்து சந்தை, பிறகுதான் ஸ்கைலான்.

கீழக்கரை மாணவி:

ரொம்ப நன்றி ஐயா, சார், எல்லாருக்கும். நேத்து ராத்திரி உம்மாக்கும் வாசிச்சுக் காட்டினேன். பொருள் இல்லாததால மெல்லிசு ஆச்சுங்கிறதை வச்சுத்தான் கட்டுரையை மாத்தி எழுதப் போறேன். ஆசிரியர் சொன்ன 1851 ஒப்பீடும் வரும்.

ரெண்டு விஷயம் கேக்கணும். எங்க பவளக்கல் வீட்டை இதுல கொண்டு வந்தா பொருந்துமா, இல்ல வலிஞ்சு இழுத்த மாதிரி இருக்குமா? அடுத்து, ஸ்கைலானுக்கு மாடல் செய்யணும். ஜாக்கி வச்சதைக் காட்டுற மாதிரி எப்படிச் செய்யலாம்?

பாம்பன் ரிக்கர்:

பொருந்தும் மகளே. ஆனா பழசு உசத்தி, புதுசு மட்டம்னு ஒப்பிட்டு எழுதாத. உங்க தெரு வீட்டைக் கட்டினவுக கடல்ல கிடைச்ச கல்லை எடுத்தாக, பவளத்தையே சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினாக. அன்னைக்கு அதுதான் கையில இருந்துச்சு. இன்னைக்கு அதை யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மன்னார் வளைகுடா 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆச்சு, 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல சேர்த்துட்டாக. பவளம் செத்தா மீன் செத்துச்சு, எங்க பொழப்பும் செத்துச்சு. அப்ப உனக்குக் கல் இல்ல. ஆத்து மணலும் இல்ல. சிமென்ட் வீடு உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு வெடிக்குது, எங்க தெருவுல எத்தனை வீட்டுச் சன்ஷேடு பாளம் பாளமா விழுந்து கிடக்குன்னு வந்து பாரு. இருக்கிற கொஞ்சத்தை வச்சு எப்படி நிறுத்துறதுங்கிற அதே கேள்வி இப்ப உன் முன்னாடி நிக்குது. 1951-ல் முப்பது வயசுப் பசங்ககிட்ட அந்தக் கேள்வியை நம்பிக் குடுத்தாக. ரிவ்யூல இதைச் சொல்லு.

மாடலுக்கு வா. ரெண்டு அடி உசரம் வச்சுக்க. உடம்புக்கு மூங்கில் சிம்பு, நடுவுல அட்டை வளையம் குடுத்துப் பருமனாக்கு, ரெண்டு முனையிலயும் சேர்த்துக் கட்டு. மேல அலுமினிய ஃபாயில் பட்டையா வெட்டி ஒட்டலாம், கனம் கூடாமப் பாத்துக்க. கேபிளுக்கு நூல் வேண்டாம், நூல் நீளும். தங்கூசி வாங்கு, அதான் மீன்பிடி நைலான் இழை, மெல்லிசு, தூண்டில் கடையில கிடைக்கும். அது எட்ட இருந்து கண்ணுக்கும் படாது, அசல்ல இருந்த மாதிரியே.

மூணு தூணுக்கு பெரிய சைக்கிள் ஸ்போக் போதும். ஒவ்வொரு ஸ்போக்கோட அடியையும் ஒரு நீளமான போல்ட்டு மேல உக்கார வை. போல்ட்டைப் பலகைக்கு அடியில இருந்து ஏத்தி, பலகையில நட்டைப் பதிச்சு வச்சுரு. முதல்ல எல்லாத் தங்கூசியையும் கொஞ்சம் தொய்வாவே கட்டு. ரிவ்யூல ஆள் வந்ததும் டேபிள் ஃபேனைப் போடு, உடம்பு ஆடுறதை அவுக பாக்கட்டும். அப்புறம் அவுகளையே அடியில இருக்கிற போல்ட்டைத் திருகச் சொல்லு. தூண் ஏற ஏற ஆட்டம் நின்னுரும். ஒண்ணை முழுக்கத் திருகிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, முனை சாய்ஞ்சுரும். அரைச் சுத்து இது, அரைச் சுத்து அது, அரைச் சுத்து அடுத்தது, அப்படிச் சுத்தி வரணும். முதல் தடவை வீட்டுல செஞ்சு பாத்துட்டு படத்தை இங்க போடு. தூண் எவ்வளவு வெளிப்பக்கம் சாய்ஞ்சு நிக்கணும்னு பாத்துச் சொல்றேன்.